மாடி ரூம் அம்மாவுக்குத்தான்

2024 ஜூன் 6, வியாழன்

ஆபீஸில் வழக்கமான கூத்து. உலர்பூ ஏற்றின கன்டெய்னர் கஸ்டம்ஸில் நிற்கிறது. எடை ஒரு பேப்பரில் ஒன்று, இன்னொரு பேப்பரில் வேறொன்று. ஏற்றுமதிக்கார அண்ணாச்சி போனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "நீங்க எழுதிக் கொடுத்ததத்தானே டைப் அடிச்சேன் அண்ணாச்சி" என்றால் அதற்கும் சேர்த்துத் திட்டு. இந்தக் கிளியரிங் ஏஜென்சியில் காலேஜ் முடித்ததிலிருந்து பேப்பர் பார்க்கிறேன். பேப்பர் தப்பாக இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் சந்தேகம் வரும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். லண்டனிலிருந்து லீவில் வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் அடுப்படிக்குள் கால் வைத்திருக்கிறாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றபடி சொன்னாள்: "ஏளா, ஒரு கல்யாணம் முடிக்கலாம்னு இருக்கேன்."

எனக்குத்தான் மாப்பிள்ளை பார்த்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். ஆள் யாரு, எந்த ஊரு என்றுகூடக் கேட்டுவிட்டேன். சீ! முப்பத்தாறு வயசாகியும் அந்த நெனப்பு போகல பாரு எனக்கு.

கல்யாணம் அவளுக்கு.

ஜூன் 7

ஆள் பெயர் கிருபாநிதி. எங்கள் பூர்வீகச் சபை இருக்கிற நாசரேத்துக்காரர். அங்கேயே பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார். பெஞ்சாதி இறந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. அம்மாவைவிட நாலு வயசு இளையவர். போன தடவை லீவில் வந்தபோது சபையில் அசனம் நடந்ததே, அந்த விருந்துப் பந்தியில் அம்மாவுக்குச் சோறு பரிமாறினாராம். அதிலிருந்து போனில் பேச்சு. ஒரு வருஷம்! என்னிடம் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவதற்குள் "சரி ஏளா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்பாள்.

"கல்யாணம் முடிச்சு அவர அங்க கூட்டிட்டுப் போயிருவேன்" என்றாள்.

"அப்ப மாடி ரூம்?"

"அது இருக்கட்டும். லீவுக்கு வந்தா தங்க வேண்டாமா?"

லீவுக்கு. மாடி ரூமை லீவுக்கா கட்டினேன்? அப்பா போனபின் நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது நர்ஸ் வேலைக்குப் போனவள். முதலில் குவைத், அப்புறம் இங்கிலாந்து. பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். அவளுக்கு அந்த ஊர் குடியுரிமை கிடைத்து என்னைக் கூப்பிடலாம் என்ற நேரத்தில் எனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. பதினெட்டு தாண்டினால் அந்த நாட்டுக் கணக்கில் பிள்ளை இல்லையாம். சரி, ரிட்டையர் ஆனதும் உங்கூடத்தான், சாகிற வரைக்கும் உங்கூடத்தான் என்று அவள்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவள் முட்டிக்கு ஆகாது என்று மேலேயே வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, குளிக்க ஹீட்டர். ஒருத்தரையும் அதில் தங்கவிட்டதில்லை. பெரியம்மா கடைசியில் முடியாமல் கிடந்தபோதுகூட ஹாலில்தான் கிடந்தாள்.

ஜூன் 8

அந்த ஆளிடம் பாஸ்போர்ட் தயாராக இருக்கிறதாம். நாசரேத் தமிழ் வாத்தியாருக்கு எதுக்கு பாஸ்போர்ட்?

ஜூன் 10

ஆபீஸில் உமாராணியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு, சொல்லாமல் இருக்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "யக்கா, இது பச்சையா விசா கேஸு. ஆளு வி.ஆர்.எஸ். வாங்கியாச்சு, பாஸ்போர்ட் எடுத்தாச்சு, ஒழைச்சுப் போட ஒரு பொண்டாட்டியும் கெடச்சாச்சு. ஒங்கம்மாவ ஏணியா வச்சு ஏறிட்டு, அங்க போனதும் ஏணியத் தள்ளி விட்டுருவாரு பாருங்க."

வேலையை விட்டுவிட்டு இணையத்தில் தேடினேன். புருஷனைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் அங்கே இருக்கிற பெஞ்சாதி இவ்வளவு சம்பளம் என்று காட்டியாக வேண்டும். அவருக்கு நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைக்கும்வரை வருஷக்கணக்கில் காட்ட வேண்டும். அப்படியென்றால் அம்மா ரிட்டையர் ஆக முடியாது. அந்த வீங்கின காலோடு இன்னும் ஐந்து வருஷம் கிழவர்களைப் புரட்டிப் போட்டுத் துடைக்க வேண்டும். அவர் நோகாமல் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "எல்லாம் தெரியும்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில் முதலாவது வாசித்தாயிற்று.

சபைப் பாதிரியார் ஞானையா ஐயர் பீடத்தில் நின்று கண்ணாடியைச் சரிசெய்தார். கணவனை இழந்த அற்புதமணிக்கும் மனைவியை இழந்த கிருபாநிதிக்கும் விவாகம், இதற்குத் தடை ஏதும் யாருக்காவது தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்று வாசித்தார். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ "மக இருக்க அம்மைக்கு ஓலை" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், எனக்குக் கேட்கும்படி மெதுவாக. இந்தக் கோயிலில் அம்மா பெயர் இரண்டாவது தடவையாக வாசிக்கப்படுகிறது. என் பெயர் ஞானஸ்நானத்தன்று வாசித்ததோடு சரி.

வெளியே வந்ததும் அந்த ஆள் என்னிடம் வந்து நின்றார். ஒல்லி. மீசைக்கு மட்டும் டை. சட்டைப்பையில் பேனா, வாத்தியார் போகவில்லை இன்னும். "ஜெனிலாதானே. ஒன்னப் பத்தி நெறய கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல், "லண்டன்ல குளிரு ரொம்பவாமே?" என்றார்.

பாரேன்! ஓலை வாசிச்ச ஈரம் காயல. அதுக்குள்ள குளிர் விசாரணை.

ஜூன் 25

அரை நாள் லீவு போட்டு நாசரேத் போனேன். ஞானையா ஐயரிடம் தடை சொல்லப் போனேன். ஆமாம், போனேன். எழுதி வைத்தாலாவது பாரம் குறையட்டும்.

அவர் காப்பி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டார். பாஸ்போர்ட், விருப்ப ஓய்வு, குளிர், எல்லாம். கடைசியில் "இதெல்லாம் தடை இல்லம்மா" என்றார். "ஏற்கெனவே பெஞ்சாதி இருக்கா, கிட்டத்து ரத்த உறவா, யாராவது கட்டாயப்படுத்துதாங்களா? அதுதான் தடை. ஒருத்தன் என்னத்துக்காகக் கட்டுதான்னு சபை கேட்க ஆரம்பிச்சா ஊருல ஒரு கல்யாணமும் நடக்காது."

"அப்ப எங்கம்மா வாழ்க்கை?"

"ஒங்கம்மா வாழ்க்கையப் பத்தியா பேச வந்த?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுஷன் ஏன் அப்படிக் கேட்கணும்? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று அவர் கேட்ட நேரம் பார்த்து எனக்கு இருமல். சத்தியமாக வெறும் இருமல்தான், தொண்டையில் ஏதோ. கோயில் மொத்தமும் திரும்பிவிட்டது. அம்மா மட்டும் திரும்பவில்லை.

ஜூலை 4

கல்யாணம் முடிந்தது. பிரியாணி நன்றாக இருந்தது.

ஜூலை 20, சனி

அம்மா கிளம்பிவிட்டாள். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் நானும் அவரும். அம்மா கையில் மக்ரூன் டப்பா. கட்டிப் பிடித்தாள், அவள் சேலையில் பவுடர் வாசனை. நான் சின்னப் பிள்ளையாக நின்றபோது பஸ் ஸ்டாண்டில் இதே வாசனைதான். அப்போது அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாவிடம்தான் சொன்னாள், "பிள்ளையப் பாத்துக்கோக்கா" என்று. பெரியம்மா "நீ கவலப்படாமப் போ" என்றாள். என் தலைக்கு மேலே நடந்த பேச்சு. எனக்கு இன்னும் கேட்கிறது.

இன்றைக்கு என்னிடம் சொன்னாள். என்ன சொன்னாள்? "அவருக்கு இங்கிலீஷ் பரீட்சை இருக்கு. பேசுததும் கேக்குததும் மட்டுந்தான், சின்னப் பரீட்சை. பாஸ் பண்ணாத்தான் விசா. சனிக்கிழமை சனிக்கிழமை வருவாரு, சொல்லிக் கொடு."

என் தாயைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு நானே டியூஷன். நல்லா இருக்குல்ல?

செப்டம்பர் 14, சனி

வந்துவிட்டார். நாசரேத்திலிருந்து பஸ்ஸில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. எப்போதும் ஏதாவது கொண்டுவருவார். போன வாரம் முருங்கைக்காய்.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று இங்கிலீஷில் கேட்டேன். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மேலே உருட்டி, ரொம்ப நேரம் யோசித்து "ஐ ஈட்டட் இட்லி" என்றார்.

"ஈட்டட் இல்ல சார். ஏட்."

"எட்டு இல்லம்மா, ஆறு இட்லிதான்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் போனபின் என் மேலேயே எரிச்சல். அந்த ஆளிடம் எதற்குச் சிரிக்க வேண்டும்? இப்படித்தான் அம்மாவையும் மயக்கியிருப்பான்.

அக்டோபர் 19

மாடி ரூமைப் பார்க்கலாமா என்று கேட்டார். சாவி எங்கேயோ இருக்கு என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

நவம்பர் 16, சனி

சென்னை போய்ப் பரீட்சை எழுதினார். ஃபெயில்!

எல்.கே.ஜி. பிள்ளைகூடப் பாஸ் பண்ணுகிற பரீட்சை என்கிறாள் உமாராணி. அம்மா போனில் "நீ ஒழுங்கா சொல்லிக் கொடுத்தியா?" என்றாள். ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தேன். சத்தியமாக. சந்தோஷப்பட்டது வேறு விஷயம்.

2025 பிப்ரவரி 8, சனி

இரண்டாவது தடவையும் ஃபெயில். உமாராணிக்கு நான் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்றாள். சும்மா என்றேன்.

விசாவுக்காகக் கட்டின மனுஷன் ராப்பகலாக உட்கார்ந்து படிக்க வேண்டாமா? இவர் என்னடாவென்றால் ரிசல்ட் சொல்லும்போது பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். பேப்பர் எங்கேயோ இடிக்கிறது.

மார்ச் 15, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

இன்றைக்குப் பெரியம்மா நினைவு நாள். அவர் காலையிலேயே போன் பண்ணி, இன்றைக்கு வர முடியாது, சபை வேலை இருக்கிறது என்றார். சரி என்று நான் பூ வாங்கிக்கொண்டு நாசரேத் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நான் வருவது அவருக்குத் தெரியாது.

உள்ளே பழைய துரைமார் கல்லறைகள் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும். கிழவியின் பூட்டனார் அந்தக் காலத்தில் இங்கே மிஷனரியாக இருந்து செத்தவராம். அவர்களுக்குப் பக்கத்தில், குடையைக் கிழவிக்குப் பிடித்துக்கொண்டு, கிருபாநிதி. பேசிக்கொண்டிருந்தார். இங்கிலீஷில். ஐயோ, என்ன இங்கிலீஷ்! நிறுத்தி நிதானமாக, ஒரு சொல் தடுக்காமல். இந்தக் கல்லின் கீழே இரண்டு கைக்குழந்தைகள், ஒரே வாரத்தில் காலராவில் போனவை, தாய் மட்டும் சீமைக்குத் திரும்பிப் போனாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிழவி கண்ணைத் துடைத்தாள். உடனே ஏதோ வேடிக்கை சொல்லி இரண்டு பேரையும் சிரிக்க வைத்தார்.

ஈட்டட் இட்லி!

நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். கிழவி கேட்டாள், நீங்கள் இங்கிலாந்துக்கு வந்ததுண்டா என்று. "இல்லை. என் மனைவி அங்கே இருக்கிறாள். அவள் வீட்டுக்கு வருவாள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அவர்கள் கார் போனதும் முன்னால் போய் நின்றேன். மனுஷன் குடையை மடக்கினார். கல்லறைச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேணும்னே தோத்தீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"நான் போயிட்டேன்னா அவ வரவே மாட்டாம்மா. எனக்கு அங்க போயி என்ன சோலி? எனக்கு அவ இங்கன வரணும். கல்யாணத்துக்கு முந்தியே சொன்னேன், நான் வரல, நீ வான்னு. அவ கேக்கல. போய்ப் பாப்போம், பிடிக்கலன்னா திரும்பிருவோம்னா. சரின்னு தலையாட்டிட்டேன்."

"அத அவகிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா போனை எடுக்க மாட்டா. எனக்குப் பயம்."

பாஸ்போர்ட்டா? முதல் பெஞ்சாதியோடு ஜெருசலேம் யாத்திரை போக எடுத்ததாம். அவளுக்கு நோய் வந்து, போகவில்லை. அந்தப் பாஸ்போர்ட்டின் காலம் தீர்ந்துபோய், சும்மா ஒரு ஆசைக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறார். விருப்ப ஓய்வு, தலைமையாசிரியரோடு சண்டை. இவ்வளவுதான். என்னுடைய அருமையான ஆதாரங்கள்.

நான் தடை சொல்லப் போனதும் அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். ஞானையா ஐயர் சொல்லிவிட்டார். தெரிந்தும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லிராத" என்றார்.

சொல்லவில்லை. நல்ல மனசினால் இல்லை. எனக்கும் அவள் வரணும்.

மார்ச் 22, சனி

இன்றைக்கு இங்கிலீஷ் கிடையாது. அவர் பழம் உரித்தார், நான் காப்பி போட்டேன். "மூணாவதும் தோத்துருங்க சார்" என்றேன். "அதுக்கு மேல தோத்தா அவளே வந்துருவா" என்றார். இரண்டு திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் 14, சனி

மூன்றாவதும் ஃபெயில். அம்மாவிடம் போனில் சொன்னேன். "சரி, விடு. எனக்கும் இந்த வேலைய விட்டுறலாமான்னு இருக்கு" என்றாள்.

விட்டுறலாமான்னு இருக்கு! அவள் வாயால். நான் போனை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

ஆகஸ்ட் 2, சனி

மாடி ரூமைத் திறந்துவிட்டேன். பெயின்ட் அடிக்க வேண்டும். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருவேறிக் கிடக்கிறது. அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டாய்லெட் கம்பியை ஆட்டிப் பார்த்து, "இது அவ பாரத்துக்குத் தாங்குமா?" என்றார். "அம்மா காதுல விழுந்துச்சு, ஒங்களத் தொலைச்சிருவா" என்றேன். என்ன கலர் என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் வெள்ளை.

ஃபேன் மட்டும் கடகட என்கிறது. ஆள் வரச் சொல்லணும்.

செப்டம்பர் 7

இவ்வளவு நாள் இந்த டைரியில் சிரித்து எழுதினதே இல்லை என்று புரட்டிப் பார்த்தால் தெரிகிறது. இப்போது சிரிக்கிறேன், அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

முடிஞ்சுது.

மத்தியானம் அவரும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வீடியோ காலில் வந்தாள். யூனிஃபார்மில் இருந்தாள். "ரெண்டு பேரும் இருக்கியளா? நல்லதாப் போச்சு" என்றாள். வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

அவர் கையில் சோறு அப்படியே இருந்தது. "அற்புதம், வாரேன்னியே" என்றார்.

"வாரேன்னு எங்க சொன்னேன்? விட்டுறலாமான்னு இருக்குன்னு சொன்னேன். அது தெனமுந்தான் இருக்கு." அப்புறம் அவரைப் பார்த்து, "ஒங்களுக்கு இங்கிலீஷ் வரும்ங்கறது எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் போன்ல பாதி இங்கிலீஷ்லதானே பேசினீங்க. ரெண்டாவது தடவ தோத்தப்பமே தெரியும். நீங்களா வாயத் தொறந்து சொல்வீங்கன்னு பாத்தேன். மூணாவதும் தோத்துட்டு வந்து நிக்கிறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் கத்தினேன். பெயின்ட் அடிச்சு வச்சிருக்கோம்மா, கம்பி தேய்ச்சு வச்சிருக்கோம், யாருக்காக? இத்தன வருசம் யாருக்காகப் பூட்டி வச்சிருந்தேன்? பெரியம்மாவக்கூட ஏத்தலயே அதுல! அவர் வரலன்னா என்ன, நான் இங்கன இருக்கேன்ல? எனக்காக வரக்கூடாதா?

அம்மா சொன்னாள். கத்தவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

"வரணும்னா எப்பமோ வந்திருப்பேன் ஏளா. என்னால முடியல. ஒன் மொகத்தப் பாத்தா, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நின்ன பிள்ளைதான் தெரியுது. லீவுன்னா சமாளிச்சிருவேன். தெனமும்னா முடியாது. இங்க யாருக்கும் என்னைப் பத்தி ஒண்ணும் தெரியாது, நிம்மதியா இருக்கு. தனியா இருக்கதுதான் கஷ்டமா இருந்துச்சு. அதுக்குத்தான் இவரக் கேட்டேன். விசான்னு ஆசை காட்டுனதே நான்தான். அவர் ஒண்ணும் கேக்கல."

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

இவ்வளவு நாள் அந்த ஆள் எதுக்காகக் கட்டினான் எதுக்காகக் கட்டினான்னு மண்டையப் போட்டு உடைச்சேனே. எங்கம்மா எதுக்காகக் கட்டுனான்னு ஒரு தடவ கேட்டேனா? என்கிட்ட வராம இருக்கதுக்கு ஒரு தொணை. அம்புட்டுத்தான்.

அக்டோபர் 19

கோயிலுக்குப் போகவில்லை.

அக்டோபர் 25, சனி

அவர் வரவில்லை. எதற்கு வர வேண்டும்?

நவம்பர் 8

இந்தச் சனிக்கிழமையும் வரவில்லை. போன் எடுக்கவும் இல்லை. அவருக்கும் எனக்கும் இனி என்ன பேச்சு இருக்கிறது? ஆனாலும் காப்பிக்கு இரண்டு பேருக்குப் பால் வாங்கிவிட்டேன். பழக்கம்.

நவம்பர் 21

ஞானையா ஐயர் போன் பண்ணினார். கிருபாநிதிக்கு டெங்கு. தனியாகக் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டித்தான் தெரிந்ததாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "ஒனக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றார். வேறு யாரிடம் சொல்வார்?

போனேன். கட்டிலில் இன்னும் பாதியாகிக் கிடந்தார். மீசை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்து, "சாரிம்மா, ஐ ஈட்டட் நத்திங்" என்றார். நான் சிரிக்கவில்லை. வெளியே வராந்தாவில் வந்து அழுதுவிட்டு உள்ளே போனேன்.

டிசம்பர் 3

டிஸ்சார்ஜ். நாசரேத்தில் அந்த வீட்டில் தனியாக விட மனசு வரவில்லை. டாக்ஸி பிடித்துக் கூட்டிவந்துவிட்டேன். ஹாலில் கட்டில் போட்டிருக்கிறேன். உமாராணி கேட்டாள், "யக்கா, ஏணியத் தள்ளிவிட்டது கடைசியில யாரு?" என்று. அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் அடுத்த பில்லை எடுத்து டைப் அடித்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

கிறிஸ்துமஸ் வருகிறது. துறைமுகத்தில் கப்பல்களில் ஸ்டார் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இல்லை.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. டெங்கு விஷயத்தை ஞானையா ஐயர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றாக இருக்கிறாரா, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று நர்ஸ் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவரிடம் கொடுக்கவா என்றேன். வேண்டாம் என்றாள். இந்த மாசம் பணம் கொஞ்சம் கூடப் போடுகிறேன் என்றாள். அப்புறம் சொன்னாள்:

"அவரப் பாத்துக்கோ ஏளா."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது பெரியம்மாவின் குரல்.

"நீ கவலப்படாம இரும்மா."

அவர் ஹாலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருப்பார், ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது. தெருச் சத்தத்தில் அவருக்கு ராத்திரி தூக்கமே இல்லை. இடுப்பிலிருந்து மாடி ரூம் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"மேல போயிப் படுங்க சார். ஃபேன் மட்டும் சத்தம் போடும், ஆளுக்குச் சொல்லியிருக்கேன்."

சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கம்மா வந்தா எங்கனம்மா தங்குவா?" என்றார்.

"லீவுக்குத்தான வருவா? ஹால்ல பாய் போட்டுக் கொடுப்போம்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறிப் போனார்.